பொம்பெயியில் ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

பொம்பெயிக்கு முதல்முறை போனபோது நான் தவறான நிலையத்தில் இறங்கினேன். பலகையில் ஊர்ப்பெயர் சரியாகத்தான் இருந்தது. வெளியே வந்து பார்த்தால் அடுக்குமாடி வீடுகள், மருந்துக்கடை, பெரிய தேவாலயம், அதன் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் ஒரு மூதாட்டி. இடிபாடுகள் எங்கே என்று கைஜாடையில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மேற்குப் பக்கம் காட்டினார். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊருக்குப் பக்கத்திலேயே, அதே பெயரில், இன்றைக்கு மக்கள் வாழும் ஊர் ஒன்று இருக்கிறது. அதற்கென்று தனி நிலையங்களும் இருக்கின்றன. இது தெரியாமல் கிளம்புகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. விசா, விமானம், ஓட்டல் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. நீங்கள் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

எந்த நாள் போவது?

ஏப்ரல், மே அல்லது அக்டோபர். ஜூலையும் ஆகஸ்டும் வேண்டாம். "நாம் பார்க்காத வெயிலா?" என்று நினைத்துத்தான் நம்மவர்கள் போகிறார்கள். நம் ஊரில் ஒதுங்குவதற்கு ஒரு புளியமரமாவது கடைத் தாழ்வாரமாவது இருக்கும். இங்கே கூரைகளில் பெரும்பாலானவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விழுந்துவிட்டன. மேலே சூரியன் சுடும், கீழே கல் பாவிய தெரு சுடும்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அனுமதி இலவசம். அன்றைக்குப் போகாமல் இருப்பதற்கு அதுவே போதுமான காரணம். மே 1, டிசம்பர் 25, ஜனவரி 1 ஆகிய நாட்களில் மூடியிருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 9 முதல் மாலை 7 வரையிலும், குளிர்காலத்தில் மாலை 5 வரையிலும் திறந்திருக்கும். மூடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள்.

முழுநாள் ஒதுக்குங்கள். மதில் சூழ்ந்த நகரத்தின் பரப்பு சுமார் 66 ஹெக்டேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு அகழப்பட்டிருக்கிறது. உங்களிடம் இருப்பது அரை நாள்தான் என்றால் பொம்பெயியே வேண்டாம் என்பேன். அதே ரயில் பாதையில், அதற்கு முன்பே வரும் எர்கொலானோவில் இறங்கி ஹெர்குலேனியத்தைப் பாருங்கள். அதே எரிமலை அழித்த சிறிய ஊர் அது. சூடான சாம்பலும் வாயுவும் அதை ஆழமாக மூடிவிட்டதால் அங்கே மரக் கதவும் மாடிப்படியும் உத்தரமும்கூடக் கரியாகி நிலைத்திருக்கின்றன. இரண்டு மூன்று மணி நேரத்தில் மனம் நிறையப் பார்த்துவிடலாம்.

டிக்கெட்

நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதி இல்லை என்ற வரம்பு 2024 நவம்பரில் வந்தது. டிக்கெட்டில் பெயரும் அச்சாகும். ஆகவே பாஸ்போர்ட்டையோ படத்துடன் கூடிய வேறு அடையாள அட்டையையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் மிகுந்த மாதங்களில் காலைக்கும் மதியத்துக்கும் தனித்தனி நேரப் பிரிவு உண்டு. தொல்லியல் பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தின் வழியாகவே முன்கூட்டி வாங்கிவிடுங்கள். விலை ஏறக்குறைய இருபது யூரோ. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இலவசம்.

இரண்டு வகை டிக்கெட் இருக்கும். ஒன்று நகரத்துக்கு மட்டும். மற்றது, மதிலுக்கு வெளியே இருக்கும் வில்லாக்களையும் சேர்த்தது. சில யூரோ கூடுதல் என்றாலும் இரண்டாவதை வாங்குங்கள். சிவப்புச் சுவர் ஓவியங்களுக்குப் பெயர் பெற்ற மர்மங்களின் வில்லா அந்த டிக்கெட்டில்தான் வருகிறது.

நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடன், "வரிசை பெரியது, என்னிடம் வாங்கினால் உடனே போகலாம்" என்று யாராவது அணுகுவார்கள். நின்று பேச வேண்டாம். வழிகாட்டி தேவைப்பட்டால் உரிமம் பெற்றவர்கள் நுழைவாயிலருகே இருப்பார்கள்.

ரயில்

நேப்பிள்ஸ் மத்திய ரயில் நிலையத்துக்குக் கீழ்த்தளத்தில் கரிபால்டி என்ற நிலையம் இருக்கிறது. அங்கிருந்து சொரெந்தோ செல்லும் சிர்கும்வெசுவியானா ரயிலில் ஏறுங்கள். இறங்க வேண்டிய இடத்தின் பெயரைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி". ஸ்காவி என்றால் அகழாய்வு. அந்தச் சொல் பலகையில் இல்லை என்றால் இறங்காதீர்கள். நான் செய்த தவறு அதுதான். பயணம் நாற்பது நிமிடம் போல ஆகும். நிலையத்திலிருந்து போர்த்தா மரீனா வாயில் கூப்பிடு தூரம்.

ரயில் நம் புறநகர் ரயில்களைப் போல நெரிசலாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. பணப்பையைச் சட்டையின் உட்பையில் வையுங்கள்.

பையும் செருப்பும்

30 சென்டிமீட்டருக்கு 30, தடிமன் 15: இந்த அளவுக்கு மேற்பட்ட பைகளை உள்ளே விட மாட்டார்கள். வாயிலில் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அப்படி ஒப்படைத்தால் அதே வாயிலுக்குத்தான் திரும்பி வர வேண்டியிருக்கும், நாள் முழுக்கப் போட்ட திட்டம் கெட்டுவிடும். சிறிய பையோடு போவதே நல்லது.

எரிமலைக் குழம்பு இறுகிய பெரிய கற்களைப் பாவிய தெருக்கள் இவை. கற்களின் மேல் வழவழப்பு, இடையில் பள்ளம். ரப்பர் செருப்போடு போய்க் கணுக்கால் பிசகி உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பிடிமானமுள்ள காலணி, தொப்பி, ஒரு காலி பாட்டில் போதும். பாட்டில் ஏன் காலி என்றால், தெருமுனைகளில் இருக்கும் பழைய ரோமக் கல்தொட்டிகளில் இப்போது குழாய் பொருத்தியிருக்கிறார்கள். நல்ல குடிநீர் வருகிறது. உள்ளே நகரச் சதுக்கத்துக்கு அருகில் உணவகம் ஒன்று இருக்கிறது, ஆனால் மதியம் அங்கே வரிசை நீளம்.

முகவரி படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. இது தெரிந்தால் பாதித் தொலைவு மிச்சம்.

19-ஆம் நூற்றாண்டில் இங்கே அகழாய்வை நடத்திய ஜுசெப்பே ஃபியொரெல்லி என்பவர் நகரத்தை ஒன்பது வட்டாரங்களாகவும், வட்டாரத்தைத் தெருக்களால் சூழப்பட்ட கட்டங்களாகவும், கட்டத்தை வாசல்களாகவும் பிரித்து எண் கொடுத்தார். 6.12.2 என்று இருந்தால் ஆறாவது வட்டாரம், பன்னிரண்டாவது கட்டம், இரண்டாவது வாசல். தெருமுனைப் பலகைகளில் வட்டார எண் ரோம எண்ணில் இருக்கும். வாயிலில் வரைபடம் கேட்டு வாங்கிக்கொண்டு, பார்க்க விரும்பும் ஆறேழு இடங்களின் எண்களை முந்தின இரவே குறித்துவையுங்கள். எல்லா வீடுகளும் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை, முறைவைத்துத் திறக்கிறார்கள். அன்றைக்கு எவை திறந்திருக்கின்றன என்ற பட்டியல் இணையதளத்தில் இருக்கும்.

1.8.5 என்ற எண்ணை மட்டும் நானே உங்கள் தாளில் எழுதிவிடுகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உள்ளே நுழைந்ததும்

போர்த்தா மரீனா என்றால் கடல் வாயில். ஒரு காலத்தில் கடல் இன்னும் அருகில் இருந்தது. செங்குத்தான பாதையில் ஏறி வாயிலைக் கடந்தால் வலப்பக்கம் பஸிலிக்கா, அதாவது நீதிமன்றமும் வியாபாரப் பேச்சும் நடந்த மண்டபம். அதைத் தாண்டினால் ஃபோரம் என்ற நகரச் சதுக்கம். வடக்கே, இந்த ஊரைப் புதைத்த எரிமலையான வெசுவியஸ் நிற்கும். எல்லோரும் அங்கே நின்று படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். பத்து நிமிடம் போதும். சுற்றுலாக் குழுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும் இடம் அது.

சதுக்கத்தின் தென்கிழக்கு மூலையிலிருந்து கிழக்கே ஒரு நேர் தெரு கிளம்புகிறது. அதன் இன்றைய பெயர் வியா தெல் அபோந்தான்சா, வளமைத் தெரு. அங்கே ஒரு கல்தொட்டியில் செதுக்கியிருந்த பெண்ணின் தலையை வளமைத் தெய்வம் என்று முதலில் நினைத்துவிட்டார்கள். உண்மையில் அது ஒற்றுமைத் தெய்வமான கொன்கார்தியா. பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. எனக்கு இந்த ஊரில் பிடித்தது இந்தத் தெருதான். இங்கே இரண்டு மணி நேரம் செலவழியுங்கள்.

தெருவைப் படிப்பது

சதுக்கத்தை விட்டு இறங்கும்போதே நட்டுவைத்த கற்கள் வழியை மறிக்கும். வண்டிகள் சதுக்கத்துக்குள் வரக் கூடாது என்பதற்காக வைத்தவை. கொஞ்ச தூரம் போனால் தெருவின் குறுக்கே மூன்று பெரிய கற்கள் உயர்ந்து நிற்கும். நடைபாதைகள் உயரமானவை, தெருவில் நீரும் கழிவும் ஓடும். கால் நனையாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாண்டத்தான் அந்தக் கற்கள். அவற்றின் இடைவெளியில் வண்டிச் சக்கரம் போக வேண்டும். குனிந்து பாருங்கள், சக்கரம் தேய்த்த தடம் கல்லில் விரல் ஆழத்துக்குமேல் பதிந்திருக்கும். தடங்களின் தேய்மானத்தை வைத்தே எந்தெந்தத் தெரு ஒருவழிப் பாதையாக இருந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கல்தொட்டி வரும்போது தண்ணீர் பிடிப்பதற்கு முன் அதன் விளிம்பைப் பாருங்கள். இரு பக்கமும் குழிந்திருக்கும். கையை ஊன்றிக் குனிந்து குடித்தவர்கள் தேய்த்த குழி அது. நீங்களும் அறியாமலேயே அங்கேதான் கையை வைப்பீர்கள்.

வாசற்படிகளைக் கவனித்தால் கடையையும் வீட்டையும் பிரித்தறியலாம். அகலமான வாசலில் நீளமாக ஒரு பள்ளம் ஓடினால் அது கடை. பலகைகளை அந்தப் பள்ளத்தில் ஒவ்வொன்றாகச் செருகி இரவில் அடைப்பார்கள். பலகை போட்டு அடைக்கும் மளிகைக் கடையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. வாசலையொட்டிக் கல்மேடையும் அதில் வட்டக் குழிகளும் இருந்தால் அது தீனிக்கடை. குழிக்குள் பெரிய ஜாடிகள் பதிந்திருக்கும். இந்தத் தெருவிலேயே 1.8.8 எண்ணில் இருக்கும் கடையின் ஜாடி ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சில்லறை நாணயங்கள் கிடைத்தன. மலை வெடித்தபோது கல்லாப்பணத்தை அதில் போட்டு வைத்துவிட்டு ஓடியிருக்க வேண்டும், திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று. பின்சுவரில் வீட்டுத் தெய்வங்களின் ஓவியம் இன்னும் வண்ணத்தோடு இருக்கிறது.

பக்கத்துத் தெருக்களில் மணல்கடிகார வடிவத்தில் ஆளுயரக் கல் எந்திரங்களைப் பார்த்தால் அது ரொட்டிக்கடை. கழுதைகளும் அடிமைகளும் அவற்றைச் சுற்றினார்கள். ஒரு கடையின் அடுப்பில் 81 ரொட்டிகள் கரிந்து அப்படியே கிடைத்தன.

சுவர்களில் சில இடங்களில் கண்ணாடி போட்டு மூடியிருப்பார்கள். அடியில் சிவப்பு எழுத்து தெரிந்தால் அது தேர்தல் விளம்பரம். இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று பழ வியாபாரிகள் கேட்கிறார்கள், அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். வாத்தியா என்ற வேட்பாளருக்கு மட்டும் "பின்னிரவுக் குடிகாரர்கள் அனைவரும்" ஆதரவு தெரிவித்து ஒரு விளம்பரம், "சில்லறைத் திருடர்கள்" பெயரில் இன்னொன்று. எதிராளியின் வேலையாகத்தான் இருக்கும்.

ஒரு வீடாவது முழுமையாக

எல்லா வீடுகளையும் எட்டிப் பார்க்க நினைத்தால் ஒன்றும் மனதில் நிற்காது. வெத்தியுஸ் சகோதரர்களின் வீட்டைத் (6.15.1) தேர்ந்தெடுங்கள். நீண்ட புதுப்பிப்புப் பணிக்குப் பிறகு 2023 ஜனவரியில் மீண்டும் திறந்தார்கள். விடுதலை பெற்ற அடிமைகளாக இருந்து வியாபாரத்தில் பணம் சேர்த்தவர்கள் இவர்கள் என்று கருதப்படுகிறது. புதுப்பணம் என்பது பார்த்தவுடன் தெரியும்: ஓர் அங்குலச் சுவர்கூட வெறுமனே விடப்படவில்லை. வாசலிலேயே, தன் ஆண்குறியைத் தராசுத் தட்டில் வைத்துப் பணப்பையோடு நிறுக்கும் பிரியாபஸ் தெய்வத்தின் ஓவியம் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் பதிலைத் தயார் செய்துகொண்டு போங்கள். உள்ளே, சிறகு முளைத்த குழந்தைகள் வாசனைத் தைலம் காய்ச்சி, நகை செய்து, மது விற்கும் வரிசையைத் தவறவிடாதீர்கள்.

எந்த வீட்டிலும் முன் முற்றத்தில் நின்று முதலில் மேலே பாருங்கள், பிறகு கீழே. கூரையின் நடுத் திறப்பு வழியாக மழைநீர் கீழே உள்ள தொட்டியில் விழும், அங்கிருந்து நிலத்தடித் தொட்டிக்குப் போகும். முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடுதான். பக்கத்திலேயே 6.12.2, ஒரு கட்டம் முழுவதையும் அடைத்து நிற்கும் ஃபான் வீடு (ஃபான் என்பது ரோமரின் காட்டுத் தெய்வம்). தரையில் இருக்கும் அலெக்சாண்டர் போர்க்காட்சி நகல்தான். மூலம் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்கு உரியது.

லுபனார் என்ற விலைமாதர் இல்லத்தின் முன்னால்தான் ஊரிலேயே நீளமான வரிசை. உள்ளே ஐந்து சிறு அறைகள், கல் கட்டில்கள், மங்கிய ஓவியங்கள், பின்னாலிருப்பவர்கள் தள்ளும் தள்ளு. வரிசை குறைவாக இருந்தால் மட்டும் போங்கள்.

அந்த உருவங்களைப் பார்க்கும்போது

வெடிப்பின் முதல் நாள் நுரைக்கல் மழையாகப் பொழிந்தது. கூரைகள் பாரம் தாங்காமல் விழுந்தன. மறுநாள் காலை, சூடான வாயுவும் சாம்பலும் சேர்ந்த அலை ஊருக்குள் புகுந்து, மிஞ்சியிருந்தவர்களைக் கொன்றது. சாம்பல் அவர்களைச் சுற்றி இறுகியது. உடல் மறைந்து அதன் வடிவத்தில் வெற்றிடம் நின்றது. 1863-இல் ஃபியொரெல்லி அந்த வெற்றிடத்தில் சுண்ணச்சாந்தை ஊற்றி இறுகவைத்தார். அப்படிக் கிடைத்தவையே நாம் பார்க்கும் உருவங்கள். இவை சிலை அல்ல, உள்ளே எலும்புகள் இருக்கின்றன. அவற்றோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது.

இவற்றைத் தப்பியோடியவர்களின் தோட்டத்தில் (1.21) பாருங்கள். கிழக்குக் கோடி என்பதால் குழுக்கள் பெரும்பாலும் அதுவரை வருவதில்லை. பதின்மூன்று பேர், பெரியவர்களும் குழந்தைகளுமாக, எந்தத் தோட்டத்தில் விழுந்தார்களோ அதே தோட்டத்தில் கிடக்கிறார்கள்.

இன்னொன்று: ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்துப் பையில் போடாதீர்கள். குற்றம் என்பது ஒரு பக்கம். எடுத்துப் போனவர்கள் பலர், அதன்பிறகு குடும்பத்தில் எதுவுமே சரியாக நடக்கவில்லை என்று மன்னிப்புக் கடிதத்தோடு கற்களைத் தபாலில் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

வெளியேறும் வழி

தோட்டத்துக்கு அருகிலேயே ஆம்பிதியேட்டர், அதாவது வீரர்கள் மோதும் போட்டிகள் நடந்த திறந்தவெளி அரங்கம். கி.மு. 70 வாக்கில் கட்டியது. இன்று நிற்கும் கல் ஆம்பிதியேட்டர்களில் மிகப் பழையது. 20,000 பேர் உட்காரலாம். கி.பி. 59-இல் இங்கே உள்ளூர் ரசிகர்களுக்கும் பக்கத்து ஊரான நுகேரியாவின் ரசிகர்களுக்கும் மூண்ட கலவரத்தில் உயிர்கள் போயின, பத்து ஆண்டுகளுக்குப் போட்டிகளே தடை செய்யப்பட்டன. ஏறத்தாழ காலியாக இருக்கும் அந்தத் திடலின் நடுவில் போய் நின்று பாருங்கள்.

இப்போது முடிவு செய்ய வேண்டும். கால் ஓய்ந்துவிட்டதென்றால் ஆம்பிதியேட்டர் வாயில் வழியாக வெளியேறி, மெழுகுவர்த்தி விற்கும் அந்தத் தேவாலயத்துப் பக்கம் நடந்து அங்கிருந்து ரயில் பிடிக்கலாம். மர்மங்களின் வில்லா நகரத்தின் நேர் எதிர்க்கோடியில், வடமேற்கு மதிலுக்கு வெளியே இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் என் ஆலோசனை, நாளைத் தலைகீழாக அமைப்பது: காலையில் கிழக்கு வாயிலில் நுழைந்து, தோட்டம், தெரு, வீடு, சதுக்கம் என்று மேற்கே நடந்து, வில்லாவில் முடியுங்கள். வெளியேறினால் மீண்டும் உள்ளே விட மாட்டார்கள், மறந்துவிடாதீர்கள்.

மறுநாள்

பொம்பெயியின் சுவர்கள் பொம்பெயியில் இருக்கின்றன. பொருட்கள் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரண்டையும் பார்த்தால்தான் ஊரைப் பார்த்ததாகும். அங்கே "இரகசிய அறை" என்று ஒரு பகுதி உண்டு, பாலியல் தொடர்பான கலைப்பொருட்களை ஒதுக்கி வைத்த அறை. அவற்றுக்கு நடுவே, 25 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான உயரத்தில் ஒரு தந்தச் சிற்பம்: கழுத்திலும் கையிலும் காலிலும் அணிகலன் நிறைந்த ஒரு பெண், இரு பக்கமும் சிறு தோழியர். இந்தியாவில் செதுக்கியது. 1938-இல் கண்டெடுத்தபோது லட்சுமி என்றார்கள். இப்போது யட்சி என்று சொல்பவர்களே அதிகம். மகாராஷ்டிரத்தின் போகர்தனில் கிடைத்த சிற்பத்தோடு நெருங்கிய ஒப்புமை உண்டு. தலையில் துளை இருப்பதால் ஏதோ ஒரு மரச்சாமானின் காலாகவோ கண்ணாடியின் கைப்பிடியாகவோ இருந்திருக்கலாம்.

அது கிடைத்த வீட்டின் எண்தான் 1.8.5. நாணய ஜாடி இருந்த தீனிக்கடைக்கு மூன்று வாசல் தள்ளி. வீடு பூட்டியிருந்தாலும் வாசல்படியில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். இந்தியாவிலிருந்து வரும் சரக்குகளுக்காக ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் ரோமிலிருந்து போய்விடுகிறதே என்று குறைப்பட்டு எழுதியவர் ரோம எழுத்தாளர் மூத்த பிளினி. மிளகைத் தங்கம்போல் எடைபோட்டு வாங்குகிறார்களே என்று வியந்தவரும், முசிறித் துறைமுகத்தைக் குறிப்பிட்டவரும் அவர்தான். வெசுவியஸ் வெடித்தபோது கடற்படைத் தலைவராக எதிர்க்கரையில் இருந்தவர், மக்களை மீட்கக் கப்பலோடு வந்து, இந்த ஊருக்குத் தெற்கே ஸ்தாபியே கடற்கரையில் இறந்துபோனார்.

சிற்பத்தைச் சில சமயம் வேறு கண்காட்சிகளுக்கு இரவல் கொடுப்பார்கள். டிக்கெட் வாங்கும் இடத்திலேயே கேட்டுவிட்டு மாடி ஏறுங்கள். அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆகவே செவ்வாய் பொம்பெயி, புதன் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்வது நல்லது.